கேமராவுக்கு முதலிடம் கொடுத்தேன்

எண்ணூரில் ஒரு கெமிக்கல் டேங்க் யார்டில் ஒன்பது வருடம் நெட்வொர்க் வேலை பார்த்தேன். அங்கே பத்து நிமிடத்தில் முடித்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

பம்ப் ஹவுஸுக்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் இடையே ஒரே ஒரு கேபிள். போன் பேச்சும் கேமரா படமும் அதில்தான் போகும். நெட்வொர்க் சுவிட்சில் இரண்டையும் தனித்தனி வி-லேனாக, அதாவது ஒரே கேபிளுக்குள் தனித்தனிப் பாதையாகப் பிரித்து, நெரிசல் வந்தால் எது முந்த வேண்டும் என்றும் குறித்திருப்போம். எனக்கு முன் இருந்தவர் போனுக்கு முதலிடம் கொடுத்திருந்தார்.

மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டார்.

“எம்.டி. ரூம்ல படம் நின்னு நின்னு வருதாம். கேமராவ மேல தூக்கிடு. போன்ல இப்ப யார் பேசறாங்க?”

பம்ப் ஹவுஸுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை. அங்கே அந்த போன் மட்டும்தான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேமரா வி-லேனை மேலே தூக்கினேன். போனைச் சாதாரண வரிசையில் போட்டேன். ஒரு போன் கால் போட்டுப் பார்த்தேன். தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் வாரம், பகல் பதினொரு மணிக்கு பம்ப் ஹவுஸில் ஒரு குழாய் இணைப்பின் கேஸ்கெட் பிய்த்துக்கொண்டு, கெமிக்கல் புகையாகக் கசிந்தது. ஆபரேட்டர் காதர் பாய் கண்ட்ரோல் ரூமுக்கு போன் செய்தார். எடுத்தவர் ஸ்டெல்லா. அவருக்கு எதிரே திரையில் புகை துல்லியமாகத் தெரிந்தது. எந்தக் குழாய் என்று மட்டும் தெரியவில்லை. கப்பலிலிருந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்ததால் எல்லா வால்வையும் ஒரேயடியாக மூடவும் முடியாது; அழுத்தம் ஏறி வேறு குழாயும் வெடிக்கும்.

அசையாத காட்சிக்கு கேமரா குறைவான டேட்டாதான் அனுப்பும். புகை சுருண்டு எழ எழ, எல்லா கேமராக்களின் டேட்டாவும் பெருகி கேபிளை நிறைத்தது. நான் சொன்னபடியே படம் முந்தியது. பேச்சு துண்டு துண்டானது.

அந்த போன் காலின் ரெக்கார்டிங்கைப் பிறகு கேட்டேன். ஸ்டெல்லா திரும்பத் திரும்ப, “பாய், கேக்கல, இன்னொரு தபா சொல்லுங்க” என்கிறார். பாய் நினைத்திருந்தால் ஓடித் தப்பித்திருக்கலாம். நின்று நான்கு முறை சொல்கிறார், இருமலோடு. ஐந்தாவது முறைதான் “மூணாம் நம்பர்” என்பது கேட்கிறது. ஸ்டெல்லா வால்வை மூடினார். மற்ற எல்லோரும் தப்பித்தார்கள். பாயின் நுரையீரல் போய்விட்டது.

விசாரணை அறிக்கையில் கேஸ்கெட் கோளாறு என்று மட்டும் எழுதினார்கள். மேனேஜர் சொன்னபடி செட்டிங்கைப் பழையபடி மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூன்று மாதம் தூக்கம் சரியாக இல்லை. பிறகு தண்டையார்பேட்டையில் பாய் வீட்டுக்குப் போய், ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குழாயைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

“இப்ப அந்த போன் நல்லா கேக்குதா?”

“கேக்குது பாய்.”

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது நைனா? எங்க எழுதணுமோ அங்க எழுது.”

நடந்ததை விசாரணை செய்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே வேலை போயிற்று. அறிக்கையை யாரும் திருத்தவில்லை. அந்த வருடம் முடிவதற்குள் பாய் இறந்துபோனார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். லைன் காலியாக இருக்கும்போது செய்து பார்ப்பது டெஸ்ட் அல்ல. ஒன்றை மேலே தூக்கச் சொன்னால், எது கீழே போகிறது என்று பாருங்கள். பிறகு எழுந்து நடந்துபோய், அதை நம்பி நிற்கும் ஆளிடம் சொல்லிவிட்டு வந்து கை வையுங்கள்.