மாசிலாமணி நினைவாக ஒரு எஸ்எம்பிஎஸ்

செய்தி வந்தபோது காலை ஆறே முக்கால். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. மறைமலைநகரில் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்த என் கணவர் ஏசுபாதம், சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் இறங்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துத் தட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. வீட்டிலும் அதே குணம். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எது கைக்கு வந்தாலும், திறந்து பார்க்காமல் மாட்ட மாட்டார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்குமாம். அதனால் முதலில் கல்யாண மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். வேலை முடிந்து மூடியை மூடிய பிறகுதான் திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்வார்.

அந்தச் செய்தி வருவதற்கு முந்தின நாள் பக்கத்துத் தெரு மேரியக்கா ஒரு புது எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்தார். எங்கள் சபையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் கம்ப்யூட்டர் பாதிப் பாட்டில் அணைந்துபோகும், அதற்காக வாங்கியது. மேல்மூடியில், விசிறிக்குப் பக்கத்தில், சிவப்புப் பெயின்டில் 'மாசிலாமணி நினைவாக' என்று எழுதியிருந்தது. மாசிலாமணி, இறந்துபோன அவர் வீட்டுக்காரர்.

"யக்கா, டியூப்லைட்டுல பேரு எழுதுனா சரி. இது பொட்டிக்குள்ள போற சாமான். யாரு பாக்கப் போறா?"

"கர்த்தர் பாப்பாரு. நீ மாட்டு தம்பி. அவரு நினைவு நாளு ஞாயித்துக்கெழம வருது. அன்னிக்காவது பாட்டு நிக்காம ஓடணும்."

அக்கா போனதும் பெட்டியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மே இது, காலி டப்பா மாரி கீது" என்றபடி மோதிரத்தை நீட்டினார்.

உள்ளே, கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு. கரண்டைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் சுண்டுவிரல் நுனி அளவு. ஒயர்கள் நூலாக இருந்தன.

"இத மாட்டுனா கம்ப்யூட்டரே பூடும்."

"அக்காகிட்ட சொல்லிடுங்க."

அவர் மூடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "பேரு எழுதிக் குடுத்துட்டாங்களே. இதப் போயி எப்டி குப்பைன்னு சொல்றது?"

கடலோரச் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு டியூஷன் சென்டர் கழித்துப் போட்ட பழைய எஸ்எம்பிஎஸ் எங்கள் வீட்டில் கிடந்தது. உப்புக் காற்றில் தகரம் அரித்துப்போயிருந்தாலும் உள்ளே இருந்த சர்க்யூட் பலகை நல்ல கனம். அதை எடுத்து ஒவ்வொரு கெபாசிட்டராக மீட்டர் வைத்துப் பார்த்தார். உப்பியிருந்ததை மாற்றினார். கடைசியில் அந்தப் பலகையை மேரியக்காவின் பெட்டிக்குள் பொருத்திவிட்டார். விசிறியை இணைத்து மூடிவிட்டால் முடிந்தது. அதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

"காலைல வந்து மூடிக்கிறேன். மோதிரம் உங்கிட்டயே இருக்கட்டும். வித்துடாத."

"வித்தா ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் வரும்."

சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறப் போனார்.

அடக்கத்தன்று மேரியக்கா என் கையை விடவேயில்லை. பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருகிற ஞாயிறு அவர் வீட்டுக்காரரின் நினைவு நாள்.

மோதிரம் என் கட்டைவிரலில் இருக்கிறது. பெட்டி மேசைமேல் திறந்தபடி இருக்கிறது. விசிறியின் சிவப்பு ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். கறுப்பு ஒயரை இன்னும் வைக்கவில்லை.