எட்டாவது ஆள்

மன்னூபியாவுக்கு ஒரு கேள்வி வந்துவிட்டால் விடை கிடைக்கும்வரை தொண்டையில் எதுவும் இறங்காது. கணவன் இறந்தபின் ஐன் ஸர்க்கா ஊரின் வாடகை வேன் நிலையத்தில் ரொட்டி சுட்டுப் பிழைப்பவள். தன் ஊர் ஏன் தேய்கிறது, ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிர் நஸ்ர் மட்டும் ஏன் வீங்குகிறது என்பதுதான் அந்த வருஷத்துக் கேள்வி. இங்கேயும் ஒலிவ மரம், அங்கேயும் ஒலிவ மரம். தூசியில்கூட வித்தியாசம் கிடையாது.

கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றாள் ஒருத்தி. அந்த ஊர்க்காரன் ஒருவன் தலைநகரில் பெரிய பதவியில் இருக்கிறான் என்றார் இன்னொருவர். நாவிதர் ஹமாதியோ அவர்கள் ஊர்த் தண்ணீர் இனிப்பு என்றார். இரண்டு ஊருக்கும் ஒரே குழாயில்தான் தண்ணீர் வருகிறது. அதை ஹமாதியிடம் சொல்லி யார் வாயைக் கெடுத்துக்கொள்வது?

கேள்வி அதுவரை விளையாட்டாகத்தான் இருந்தது. வண்டி ஓட்டும் கொழுந்தன் லம்ஜத் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அதை வினையாக்கினான்.

"சனிக்கிழமையிலேர்ந்து நானும் பிர் நஸ்ர் ஸ்டாண்டுக்குப் போறேன் மதினி. பாதி வண்டி காலியா ஓட்டி டீசலுக்கே கட்டல."

ஊரில் மிச்சமிருந்தது அவன் வண்டி ஒன்றுதான். அதுவும் போனால் ரொட்டி தின்ன ஈ, காக்கா இருக்காது. கணவன் கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீட்டைப் புறாவுக்கு விட்டுவிட்டு, அவளும் பிர் நஸ்ரில் வாடகை அறை தேட வேண்டியதுதான்.

மறுநாளே காய்கறி வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு பிர் நஸ்ருக்குப் போனாள். அந்த ஊரில் ஒரு காசு செலவழிப்பதில்லை என்று சபதம் வேறு. சுற்றிச் சுற்றி வந்தாள். பள்ளிவாசல் இவர்களுடையதைவிடச் சின்னது. சாலையில் குழி அதிகம். ஒன்றும் பிடிபடாமல், எரிச்சலோடு ஊர் திரும்ப நிலையத்துக்கு வந்தாள். வண்டியில் மூன்று பேர்தான் இருந்தார்கள். எட்டுப் பேர் சேராமல் நகர மாட்டேன் என்று ஓட்டுநர் கதவில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தான்.

காத்திருந்தாள். வெயிலுக்கு ஒரு தேநீர் குடித்தாள். பக்கத்திலேயே செருப்புத் தைப்பவன் இருந்ததால் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டாள். பசித்தது, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சாறு. சும்மா உட்காருவானேன் என்று கம்பளி நூல் இரண்டு கண்டு வாங்கினாள். எட்டாவது ஆள் வந்து வண்டி கிளம்பியபோதுதான் மடியில் பை கனத்தது. சபதம் காற்றில் போயிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அங்கே பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவரும் கடைக்கென்று வந்தவர்கள் இல்லை. எல்லாரும் வண்டிக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள்.

ஐன் ஸர்க்காவில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் ஹமாதி தேநீர்க்கடை மேசையைத் தட்டி, மனுஷனை ஆட்டுமந்தைபோல் காக்க வைக்கலாமா என்று முழங்கினார். ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு வண்டி புறப்பட வேண்டும் என்று ஊரே கூடி முடிவெடுத்தது. மன்னூபியாவும் குலவை போட்டாள். அன்றிலிருந்து ஆட்கள் மணிக்குச் சரியாக வந்தார்கள், ஏறினார்கள், போனார்கள். ரொட்டி வாங்கக்கூட நேரமில்லை. நேரம் தவறாத ஊர் என்று பெருமை மட்டும் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஐந்து பேர் ஏறியிருந்தார்கள். அவள் எட்டி வண்டிச் சாவியை உருவி, பிசைந்த மாவுக்குள் அமுக்கினாள்.

"மதினி, என்ன இது?"

"எட்டுப் பேர் சேரட்டும். அப்புறம் தோண்டி எடுத்துக்க."

ஐந்து பேரும் வைதார்கள். ஹமாதி தன் சவரக்கடையிலிருந்து ஓடிவந்து, ஊர்க்கட்டுப்பாடு என்னாவது என்று அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். அவள் பாட்டுக்கு ரொட்டி தட்டினாள். கல் காய்ந்து மணம் எழும்ப, வைதவர்களில் இருவர் இறங்கி வந்தார்கள். இன்னொருவர் தாடையைத் தடவியபடி, சும்மாதானே நிற்கிறோம், ஒரு சவரம் செய்துவிடுங்கள் என்றார். ஹமாதி அவரைக் கடைக்குள் கூட்டிப்போனார்.

எட்டாவது ஆள் வர வெகுநேரம் பிடித்தது. வந்தான். லம்ஜத் மாவு ஒட்டிய சாவியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, கோழிக்கூடையோடு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். இடமில்லை. அவன் அவளையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, பிர் நஸ்ர் வண்டி வரிசையில் பதினோராவதாகக் காய்ந்துகொண்டிருந்த ஓட்டுநர் தோழனுக்குப் போன் போட்டு, "இங்க ஆள் நிக்குது, வர்றியா?" என்றான்.

லம்ஜத்தின் வண்டி நிறைந்து புறப்பட்டது. ஹமாதி தன் கடை நாற்காலியைத் தூக்கிவந்து அந்தப் பெண்ணின் அருகே போட்டார். மன்னூபியாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பெண் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். "அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?"

"தெரியாதும்மா," என்றாள் மன்னூபியா. "ரொட்டி சூடா இருக்கு."