மாஸ்டர் ஒரு பைசா வாங்கவில்லை

பாக்கியநாதன் மாஸ்டர் போய்விட்டார் என்பதை எனக்கு ஒரு பிளெக்ஸ் தட்டிதான் சொன்னது. சர்க்கரை மாத்திரை வாங்க மூணாறுக்குப் போயிருந்தேன். ஜீப் நிற்கும் இடத்தில் இரண்டு பேர் கம்பத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் மாஸ்டர், கழுத்தில் விசில். "எங்கள் கால்பந்தின் கண்ணீர் அஞ்சலி" என்று பெரிய எழுத்து. அடியில் தட்டி வைத்தவன் பெயர். வந்த அழுகை அதைப் படித்ததும் உள்ளேயே நின்றுவிட்டது. உயிரோடு இருந்த மாஸ்டரின் பெயரைக் கெடுத்தவனே அவன்தான். அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு கல்லூரிக்கு விளையாட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கிற ஆள் என்றால் போதும்.

மாஸ்டரை எங்கள் எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். வேலை முடிந்ததும் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு மைதானத்துக்கு வந்துவிடுவார். எங்கள் எஸ்டேட் பெண்பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்த முதல் ஆள் அவர். "மழ நிக்கட்டும்னு பாத்தா மூணாத்துல எவளும் பந்தத் தொட முடியாது, எறங்குங்கட்டி" என்பார். என் பேத்தி ஜெனிபர் அவரிடம்தான் கோல்கீப்பர் ஆனாள்.

எனக்கும் அவருக்கும் ஆகாமலும் இருந்தது. ஒரு பெரிய ஆட்டத்தில் ஜெனிபரை வெளியே உட்காரவைத்துவிட்டார். மைதானத்துக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

"எம்பேத்தி கையி என்ன, புளுத்தா போச்சு?"

"அவ கையி நல்லாத்தான் இருக்கு அக்கா. நாலு நாளு பயிற்சிக்கு வரல. வந்த பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"ஒம்ம ஆட்டத்த நீரே ஆடிக்கிடும்."

"ஆடிருவேன். பாவாடதான் இல்ல."

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அவரோ வழியில் பார்த்தபோதெல்லாம் "என்னக்கா, சொகமா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

பிறகுதான் அந்தக் கல்லூரி ஆள் மலை ஏறி வந்தான். நல்ல பிள்ளைகளை வேறு கல்லூரிக்கு விடாமல் தன் கல்லூரிக்கே அனுப்பினால் தலைக்கு இவ்வளவு என்று மாஸ்டரிடம் விலை பேசினான். மைதானத்தின் ஓரத்தில் நின்று என் காதால் கேட்டேன். மாஸ்டர் கோபப்படக்கூட இல்லை. "தலைக்கு இவ்வளவுன்னு நிறுத்துப் போட இது கொழுந்து இல்ல சார். பிள்ளைக எங்க நல்லாப் படிக்குமோ அங்க போவும்" என்றார். ஜெனிபருக்கு அந்தக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. அவள் ஆட்டத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள், காசுக்கு அல்ல.

சேர்க்கைச் சமயத்தில் அந்த ஆள் எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தான். கையில் மலையாளத்தில் அடித்த காகிதம். "ஹாஸ்டல் பேப்பர்தான் அம்மச்சி. இவிடே ஒப்பு போட்டா மதி" என்று கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினான். அஞ்சாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள் நான். சம்பளச் சீட்டு, பிஎஃப் காகிதம், யூனியன் காகிதம் எல்லாம் எங்களுக்கு மலையாளத்தில்தான் வரும். பென்சிலில் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவோம். நாற்பது வருஷம் அப்படித்தான் போட்டேன். அன்றைக்கும் போட்டேன். அவனுக்குச் சர்க்கரை தூக்கலாகக் காப்பியும் கொடுத்தேன். அந்தக் காப்பியை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

மறு வருஷம் மத்திய அரசின் விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். விளையாட்டுப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் கொடுத்த பணத்தை அந்தக் கல்லூரி சுருட்டிக்கொண்டு, இடங்களைக் காசுள்ளவர்களுக்கு விற்றிருக்கிறது. பூட்ஸ் கயிறு கட்டத் தெரியாத பெண்ணெல்லாம் பட்டியலில் ஆட்டக்காரி. மாட்டிக்கொண்டதும் கல்லூரி மாஸ்டரைக் கைகாட்டியது. காசு வாங்கியது நாங்கள் இல்லை, மலையில் இருக்கும் கோச் என்றது. சாட்சிக்கு, சேர்க்கைச் சமயத்திலேயே வாங்கி வைத்திருந்த நாலு காகிதம். அதில் ஒன்று என்னுடையது.

தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி அதை எனக்குப் படித்துக் காட்டினார். என் பேத்தியின் இடத்துக்காக மாஸ்டர் கையில் ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனாம். அடியில் கோணல்மாணலாக என் கையெழுத்து.

அங்கிருந்து நேராக மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் மைதானத்தை நடத்தும் கால்பந்து கிளப்காரர்கள் அவரை மைதானத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றார்.

"உக்கார வரல. படிக்காமப் போட்டுட்டேன் மாஸ்டர். பொய்க் காகிதம்னு நாளைக்கே போய்ச் சொல்லுதேன்."

"வேண்டாம். அவனுக கோவத்துல ஜெனிபர வெளிய தள்ளிருவானுக. ரெண்டாம் வருஷம் படிக்கா."

"அப்ப ஒம்ம பேரு?"

"எம்பேரு கெடக்கு. பிள்ள படிப்பு போனா திரும்ப வராது."

ஜெனிபருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மாச்சி, நீ சொல்லலன்னா நான் பெட்டியத் தூக்கிட்டு வந்துருவேன்" என்றாள். மறுநாள் போய்ச் சொன்னேன். நான் சொன்னதைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டேன். கல்லூரி அவள் ஹாஸ்டல் இடத்தைப் பிடுங்கியது. உறவினர் வீட்டுத் தரையில் படுத்துப் படிப்பை முடித்தாள்.

காகிதம் போட்ட மற்ற மூன்று வீட்டிலும் வாய் திறக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். கடைசியில், மாஸ்டர் வாங்கினார் என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று அதிகாரிகள் எழுதினார்கள். வாங்கவில்லை என்று ஒரு வரி எழுத அவர்களுக்கு மை இல்லை. கிளப்பும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை. டீக்கடையில் அவர் வந்தால் பேச்சு நிற்கும். மூன்று வருஷம் அந்த மனுஷன் வேலிக்கு வெளியே நின்று பந்து பார்த்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கிளப்பில் இரங்கல் கூட்டம். தட்டி வைத்தவன் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். தலைவர் எழுந்து, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம் என்றார். எல்லாரும் தலை குனிந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மூணு வருசமா மௌனமாத்தான இருந்திய. இன்னும் ரெண்டு நிமிசம் என்னத்துக்கு?" என்றேன்.

"அக்கா, இது இரங்கல் கூட்டம்" என்றார் தலைவர்.

"அதான் எரங்கிப் பேசுதேன். மாஸ்டர் எங்கிட்ட ஒரு பைசா வாங்கல. பொய்க் காகிதத்துல எங்கிட்டக் கையெழுத்து வாங்குனவன் இந்தா, முன்னால இருக்கான்."

அவன் செல்போனைப் பார்த்தான். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது லயத்து ராணி எழுந்தாள். காகிதம் போட்ட நாலு பேரில் அவளும் ஒருத்தி. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, "எங்கிட்டயும் வாங்கல" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. வெள்ளைச் சட்டை பின் கதவு வழியாகப் போய்விட்டது.

மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு சொல்தான். நான் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்னை "அக்கா" என்று கூப்பிட்டார். அந்தக் காகிதத்தால் மைதானம் பறிபோன பிறகும் அதே குரலில், ஒரு மாற்றுக் குறையாமல், "அக்கா" என்றே கூப்பிட்டார். மன்னிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. அந்த ஆள் விஷயத்தில் தெரிந்துகொள்ளவும் போவதில்லை.