அவள் படியேறிய பாட்டு

வந்தவர்கள் நான்கு பேர். அப்பா, ரோலிங் மில்லில் அப்பாவோடு வேலை பார்த்த கிரேன் மாமா, பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் சித்தப்பா, நான். வராதவள் அம்மா. “அந்தப் பாட்டுக்கோசரம் இன்னொரு வாட்டி உன்கூட சண்ட போட என்னால ஆவாது. கேண்டீன்ல ஆளு வேற கம்மி” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

படம் மிகப் பழையது. ராஜா ராணிக் கதை, பேச்சை விடப் பாட்டு அதிகம். அப்பா பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. அவர் இளவட்டமாக இருந்தபோது கும்மிடிப்பூண்டியில் இதே தியேட்டரில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அப்போது தகரக் கூரை. மில்லில் ஷிப்ட் முடிந்து, உலைச் சூடு உடம்பை விட்டு இறங்குவதற்குள் வந்து உட்கார்ந்துவிடும் கூட்டம். இப்போது தகரம் போய் ஏ.சி. வந்திருக்கிறது. கோடும் பொட்டும் துடைத்துப் புதுப்பித்த பிரதி என்று சுவரொட்டி ஒட்டி, ஒரே நாள், காலைக் காட்சி மட்டும் போட்டிருந்தார்கள்.

எனக்கு அன்று இரண்டாம் ஷிப்ட். மூன்று மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிரெய்னி நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள், டிப்ளமோவும் முடித்தவன். ஆறு மாதம் ஒரு ஷிப்ட் கூடத் தவறாமல் வந்தால் ஒன்பதாயிரம் ரூபாய் தருவார்கள். ஒன்று தவறினாலும் மொத்தமும் போச்சு. அந்த ஆறு மாதம் அந்த வாரக் கடைசியில் முடிவதாக இருந்தது. பகுதிநேர பி.இ. படிப்புக்கு முதல் தவணை கட்ட வேறு பணம் என்னிடம் இல்லை. காய்ச்சலில் மாத்திரை போட்டுக்கொண்டு போயிருக்கிறேன், சாலையில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பாட்டு முடிந்ததும் எழுந்துவிடுவேன் என்று.

விளம்பரமே அரை மணி நேரம் ஓடியது. புகையிலை, நகைக் கடை, மறுபடி புகையிலை. நான் போனை எடுத்து எடுத்து மணி பார்த்தேன்.

“தம்பி, காலை ஆட்டாதடா. சீட்டு மொத்தமும் ஆடுது. ஹீரோயினே இன்னும் ஆட ஆரம்பிக்கல” என்றார் கிரேன் மாமா.

இடைவேளையில் அப்பாவைக் கேட்டேன், இன்னும் எவ்வளவு நேரம் என்று.

“ஒரு சோகப் பாட்டு, ஒரு கத்திச் சண்ட, அப்பால அதுதான்.”

“கத்திச் சண்ட பெருசாப்பா?”

“டேய், நீ படம் பாக்க வந்தியா, பஸ் புடிக்க வந்தியா?”

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிலா முற்றம், சுற்றிலும் சுண்ணாம்பு அன்னங்கள், நடுவே வெள்ளைப் படிக்கட்டு. மேல் படியில் தூணில் சாய்ந்தபடி இளவரசன். கீழே அவள். இரண்டு சரணம் முழுக்க அவள் கீழேயே ஆடுவாள்; அவன் கையைக் கூட நீட்ட மாட்டான். பார்ப்பான், அவ்வளவுதான். மூன்றாவது சரணத்தில் மத்தளம் மெல்ல அடங்கும். அவள் முதல் படியில் வைக்க வலது காலைத் தூக்குவாள். தூக்கிய கால் அந்தரத்தில் நிற்கும். அடுத்த கண்ணிமைப்பில் அவள் மேல் படியில், அவன் மார்பில் இருப்பாள்.

நடுவில் படிகளே கிடையாது. பறந்துவிட்டாள். அப்பாவின் செட்டு இத்தனை காலமும் கொண்டாடியது இந்த ஒரு கணத்தைத்தான். ஆசை முற்றினால் எந்தப் பெண் படி எண்ணி ஏறுவாள் என்பார் கிரேன் மாமா. இதற்கென்று அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவள் கால் தூக்கும்போது இவர்களும் தரையிலிருந்து வலது காலைத் தூக்குவார்கள். அவள் பறந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு கைதட்டு. பிறகு “ஒன்ஸ் மோர்” என்று கூச்சல், ஆபரேட்டர் ரீலைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் மறுபடி போடும்வரை.

அம்மா பள்ளிப்பட்டுப் பக்கம். அவள் சின்ன வயதில் அங்கே கொட்டகையில் இதே படத்தைப் பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில் அப்பா இந்தப் பறத்தலைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தபோது, “அவ எங்க பறந்தா? படியிலதான ஏறினா” என்று கேட்டிருக்கிறாள். உங்கள் ஊரில் வேறு ஏதோ படத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்றார் அப்பா. அன்றிலிருந்து அந்தப் பாட்டு எங்கே காதில் விழுந்தாலும் வீட்டில் இதே சண்டை. டிவியில் படம் போட்டால் பாட்டை வெட்டிவிடுவார்கள். போனில் கிடைப்பது இரண்டாவது சரணத்தோடு நின்றுவிடும். அதனால் சண்டை தீரவேயில்லை.

கத்திச் சண்டை முடிந்து நிலா வந்தபோது மணி ஒன்று ஐம்பது. மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டெய்லர் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவள் ஆடினாள். உள்ளங்கை மருதாணி வரை தெரிந்தது. நான் கூட மணி பார்க்க மறந்தேன். மத்தளம் அடங்கியது. அவள் கால் எழுந்தது. எங்கள் வரிசையில் மூன்று கால்கள் எழுந்தன.

அந்தக் கால் முதல் படியில் வந்து ஊன்றியது.

மூன்று பேரின் கைதட்டும் அந்த நிசப்தத்தில் தனியாக விழுந்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். திரையில் அவள் இரண்டாவது படிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு அபிநயம், ஒரு தயக்கம். திரும்பிக் கீழே பார்ப்பதும், மறுபடி ஏறுவதும்.

“யார்ரா இவ? எதுக்கு ஏறுறா?” என்றார் கிரேன் மாமா சத்தமாக.

“கம்ப்யூட்டர் வேலைடா இது. செத்துப்போனவங்களயே ஆட வெக்கிறானுங்க இப்போ” என்றார் அப்பா. பாட்டு முடிவதற்குள் எழுந்து வெளியே போனார். மற்ற இருவரும் பின்னாலேயே. நான் கிளம்ப வேண்டிய நேரம்தான். ஆனால் டிக்கெட் கவுண்டர் பக்கம் அப்பாவின் குரல் உயர்ந்துவிட்டது, விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

மேனேஜருக்கு என் வயதுதான் இருக்கும். “அங்கிள், இது ஒரிஜினல் நெகட்டிவ்ல இருந்து எடுத்தது. ஒண்ணும் சேர்க்கல. நீங்க பார்த்த பிரிண்ட்டுலதான் அந்த எடம் இல்லாம இருந்திருக்கும். பிலிம் அறுந்தா, அறுந்த எடத்த வெட்டிட்டு ஒட்டுவாங்க.”

“எங்க தியேட்டர்ல பிலிம் அறுந்துச்சுன்னு நீ பாத்தியா? நீ பொறக்கவே இல்ல அப்போ” என்று கிரேன் மாமா பாய்ந்தார்.

டெய்லர் சித்தப்பா குறுக்கே வந்தார். “அறுந்துச்சுப்பா. ஆபரேட்டர் நம்மளத் திட்டுவான், ஞாபகம் இல்ல? ‘ஒன்ஸ் மோர் கேட்டுக் கேட்டே அந்த எடத்த நாராக்கிட்டீங்கடா’ன்னு.”

“அது சும்மா திட்டுறதுன்னு நெனச்சேன்” என்றார் கிரேன் மாமா.

“மொதல்ல நாம இன்னாத்துக்கு ஒன்ஸ் மோர் கேட்டோம்? அவ ஏறுறதப் பாக்கத்தானோ இன்னாவோ” என்றார் டெய்லர் சித்தப்பா.

அப்பா கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்ப அவ சொன்னது நெசம்” என்றார்.

அவள் என்றால் அம்மா என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா மேனேஜரிடம் திரும்பிப் பாட்டை இன்னொரு முறை போட முடியுமா என்று கேட்டார். மேனேஜர் யோசித்தார். படம் இரண்டே முக்காலுக்கு முடியும், அடுத்த காட்சி மூன்றேகாலுக்கு. நடுவில் பாட்டை மட்டும் போடலாம், ஆயிரம் ரூபாய் ஆகும் என்றார். கிரேன் மாமா ஐந்நூறு என்று ஆரம்பித்தார். அப்பா அவர் கையைத் தட்டிவிட்டு, “போடு, ஒரு ஆளு வரணும்” என்றார்.

ஆளை யார் கூட்டி வருவது? வண்டி என்னுடையது ஒன்றுதான். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நீ ஷிப்ட்டுக்குப் போடா. நான் ஷேர் ஆட்டோல போய் இட்டாறேன்” என்றார். ஷேர் ஆட்டோ ஆள் நிறையாமல் நகராது. அவர் போய்த் திரும்புவதற்குள் அடுத்த படமே ஆரம்பித்துவிடும். அது அவருக்கும் தெரியும்.

மணி இரண்டு இருபது. வண்டியை வெளியே எடுத்தேன். இடப்பக்கம் போனால் கம்பெனி, வலப்பக்கம் போனால் அம்மா வேலை செய்யும் கேண்டீன். ஹெல்மெட்டை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். அப்பா குழாயடியில் முகம் கழுவி, ஈரக் கையால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். டெய்லர் சித்தப்பா தன் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார்.

நான் வலப்பக்கம் திருப்பினேன்.

அம்மா தலையில் வலைத் தொப்பியோடு பெரிய அண்டாவைச் சாய்த்துக் கரண்டியால் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டாள். “இன்னா நைனா? யாருக்கு இன்னா ஆச்சு?”

“யாருக்கும் ஒண்ணுமில்லமா. அந்தப் பாட்டு. அவ ஏறுறா.”

“எங்க?”

“படியிலமா. நீ சொன்ன மாதிரியே.”

அம்மா தொப்பியைக் கழற்றினாள். சூப்பர்வைசர் அம்மா வந்து, பாதியில் போனால் அரை நாள் கட் என்றார். “கட் பண்ணிக்க” என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், முடிவே இல்லாமல் பெட்டிகள். என்ஜினை அணைக்காமல் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அம்மா பின்னாலிருந்து, “உனக்கு ரெண்டாவது ஷிப்ட்டுதான இந்த வாரம்?” என்றாள்.

“பேசாம உக்காரும்மா.”

“அந்தப் பணம்?”

ரயில் சத்தத்தில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். தோளில் வைத்திருந்த கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

தியேட்டரில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா மட்டும் துடைப்பத்தோடு ஓரமாக நின்றுகொண்டார். அம்மா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிலா வந்தது, அன்னங்கள் வந்தன. மூன்றாவது சரணத்தில் மத்தளம் அடங்கியபோது கிரேன் மாமாவின் கால் பழக்கத்தில் எழும்பி, பாதியில் நினைவு வந்து, மெல்லத் தரைக்கு இறங்கியது. அவள் ஏறினாள். இந்த முறை எனக்கு நிதானமாகத் தெரிந்தது: அவள் ஒவ்வொரு படியாக ஏற ஏற, அதுவரை அசையாமல் நின்றவன் தூணை விட்டு விலகுகிறான். கடைசிப் படிக்கு அவள் வரும்போது அவன் ஒரு படி இறங்கியிருக்கிறான். அப்பா இதையெல்லாம் பார்த்தாரா தெரியாது. அவர் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் போன் சட்டைப் பையில் அதிர்ந்தது. ஷிப்ட் லீடர். எடுக்கவில்லை. மணி மூன்று தாண்டியிருந்தது.

விளக்கு எரிந்ததும் அப்பா, “ஏறிட்டாமே” என்றார்.

“ஏறினா” என்றாள் அம்மா. குரலில் ஜெயித்த தோரணை எதுவும் இல்லை. “இவ்ளோ அழகா ஏறினான்னு எனக்கே மறந்துபோச்சு.”

“மன்னிச்சுக்க தங்கச்சி. ஆனா பறந்தது இத்த விட ஒரு படி மேல. அத்த நீ பாத்திருந்தா இப்படிப் பேச மாட்ட” என்றார் கிரேன் மாமா.

“அதான் நானும் நெனைக்கிறேன் அண்ணே. நீங்க மூணு பேரும் பாத்தீங்க. நான் பறக்கறதப் பாக்கவே இல்லையே. அத்த எங்க போடுவாங்க?”

மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். அந்த அறுந்த பிரதி எந்தக் குப்பையில் போனதோ.

வெளியே வெயில் காய்ந்தது. அடுத்த காட்சிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். தியேட்டர் வாசலின் சிமெண்ட் படிகளில் இறங்கி முடித்த அப்பா திடீரென்று, “அங்கயே நில்லு, வரேன்” என்று அம்மாவை மேல் படியிலேயே நிறுத்திவிட்டுக் கீழே நின்றார். உலையில் வெந்த கையை இடுப்பில் வைத்து, வலது காலைத் தூக்கினார்.

“யோவ், இன்னாய்யா பண்ற? புள்ளைங்க பாக்குது.”

“கண்ண மூடிக்க.”

அம்மா மூடினாள். அப்பா தூக்கிய காலோடு தள்ளாடி, பிறகு இரண்டிரண்டு படியாகச் செருப்பு சத்தம் கேட்காமல் ஓடி மேலே ஏறி அவள் எதிரில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். “இப்பத் தொற.”

கண் திறந்தவள் அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்துப் பின்னால் ஒரு அடி வைத்துவிட்டுச் சிரித்தாள். வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். கிரேன் மாமாவும் டெய்லர் சித்தப்பாவும் ஒரே ஒரு கைதட்டு தட்டினார்கள். நானும் தட்டினேன். அதற்குப் பிறகுதான் வண்டியில் போய்ச் சாய்ந்துகொண்டு ஷிப்ட் லீடருக்கு போன் செய்தேன். சொல்லப் பொய் எதுவும் தோன்றவில்லை; தியேட்டரில் இருக்கிறேன் என்றேன். “ஆப்சென்ட் போட்டுட்டேன்” என்று வைத்துவிட்டார்.

நான்கு டிக்கெட் ஐந்நூற்று இருபது, பாட்டை மறுபடி போட ஆயிரம், அம்மாவின் அரை நாள் கூலி இருநூற்று முப்பது, என் ஒன்பதாயிரம். அந்தப் படிக்கட்டில் அவள் ஏறியதைப் பார்க்க எங்களுக்கு ஆனது பத்தாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.