அக்காவைத் தொடாதவர்களுக்கும் சேர்த்து

எங்கள் அக்கா காங்கேயத்தில் பிறந்தார். பிறந்தபோதே பாதங்களில் தோல் இல்லை. துடைத்த இடமெல்லாம் கொப்புளம் எழும்பியது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "அம்மை போட்டிருக்குது அம்மணி. வேப்பந்தழையில படுக்க வெய்யி, எறங்கீரும்" என்றார். அம்மாவும் படுக்க வைத்தார். மூன்றாம் நாள் தழையை எடுத்தபோது முதுகுத் தோலும் சேர்ந்து வந்தது.

கோவையில் ஒரு தோல் மருத்துவர்தான் நோயைக் கண்டறிந்தார். தோலின் அடுக்குகளைப் பிணைக்கும் புரதம் அக்காவுக்குப் பிறவியிலேயே இல்லை. பரம்பரையாக வருவது, யாருக்கும் தொற்றாது.

"இவ பொறந்த ஊட்டுச் சீக்குதானுங்களே?" என்று அம்மாவைக் காட்டிக் கேட்டார் பெரியப்பா.

"ரெண்டு பேருகிட்டயும் இருக்கறதுனாலதானுங்க வந்திருக்குது. ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா வந்திருக்காது" என்றார் மருத்துவர்.

ஊர் திரும்பிய பெரியப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் வாய் திறக்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் அம்மா பழி சுமந்தார்.

குணப்படுத்தும் மருந்து எங்களுக்குக் கிடைக்கவில்லை. கொப்புளத்தின் ஓரத்தில் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடித்து, மேல்தோலை அப்படியே விட்டு, புண்ணில் ஒட்டாத மருத்துவத் துணியால் கட்ட வேண்டும். அம்மா ஒரு நாளும் தவறவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்துபோன கையால் அக்கா பட்டத் தேர்வு எழுதினார்.

என் திருமணத்தன்று அவரை மண்டபத்தின் பின்னறையில் உட்காரச் சொன்னவர்களும் இதைப் படிக்கிறீர்கள். "நாலு பேரு வார எடமுங்க" என்றீர்கள். "ஏன்டா, போட்டோவுக்கும் ஒட்டிக்குமாமா?" என்று அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உங்களைத் தடுக்கவும் இல்லை.

காலின் ஆறாத புண் புற்றுநோயாகி, சென்ற மாதம் அக்கா காலமானார். மூன்றாம் நாள் உறவினர் ஒருவர் சமையலறைக்கே வந்து அம்மாவிடம் கேட்டார்.

"ஏனுங்க, அந்த ஒட்டாத துணி எங்கீங்க கெடைக்கும்?"

"யாருக்குங்க?"

"தெரிஞ்சவிக கொழந்தைக்குங்க."

"பொறந்து எத்தன நாளாச்சுங்க?"

அவர் சமையலறைக் கதவைச் சாத்தினார். அம்மா மீதமிருந்த துணி முழுவதையும் கொடுத்தார். யார் என்று எழுதப்போவதில்லை.

அந்த மருத்துவருக்கும், தையல் உறுத்தாதபடி மடிப்புகளை வெளிப்புறம் வைத்து உடை தைத்துக் கொடுத்த தையற்காரருக்கும், அக்காவின் கையைப் பிடித்துப் பேசிய ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்குக் காரணம் இல்லை.

அந்தக் குழந்தையை மறைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவரிடம் கொண்டு போங்கள். எங்கள் வீட்டுக்கு வர வெட்கமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், அம்மா வருவார். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். மெத்தென்ற துணியோடு சேர்த்து, கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.