இருபத்தெட்டுன்னு எழுதிட்டு வந்துட்டேன்

1996-ம் வருஷம் நடந்தது இது. டெக்சாஸ்ல ஒரு ராணுவ முகாமுக்குள்ள குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் தமிழர்தான், ஆனா சின்ன வயசுலயே நியூ ஜெர்சிக்கு வந்து, அமெரிக்க ஆர்மியில சேர்ந்தவர். நான் மதுரையில ஆறு வருஷம் குழந்தைங்க வார்டுல நர்ஸா இருந்தவ. அமெரிக்கா போய் இறங்கினா மூணே மாசத்துல வேலைன்னு நெனச்சுதான் ஃப்ளைட் ஏறினேன்.

எங்க! பரீட்சை மேல பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறம் இன்டர்வியூ. எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. வீட்டுக்காரர் என்ன பண்றார்னு கேப்பாங்க, ஆர்மின்னு சொன்னதும் முகம் மாறிடும். ரெண்டு வருஷத்துல டிரான்ஸ்ஃபர்ல போகப் போறவளுக்கு எதுக்கு டிரெய்னிங் குடுக்கணும்னு அவங்களுக்கு. சுகர் லேண்ட்ங்கற ஊர்ல இருந்த ஒரு தமிழ் ஆன்ட்டி, அவங்களும் நர்ஸ்தான், புருஷனுக்கு கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிடு, யார் வந்து பாக்கப் போறாங்கன்னு போன்ல ஐடியா குடுத்தாங்க. எனக்குப் பொய் வராது, மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். ஏழு இடத்துல கை விரிச்சாங்க. எட்டாவது ஆஸ்பத்திரியில, குழந்தைங்க வார்டுல எடுத்தாங்க. மூணு மாசம் ப்ரொபேஷன். அதுக்குள்ள ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.

சேர்ந்து ஏழாவது வாரம். வீட்டுக்காரர் அப்போ வெளிநாட்டு டியூட்டியில இருந்தார், வாரத்துக்கு ஒரு தடவை போன் வந்தா பெரிசு. அன்னிக்கு என் ஷிப்ட் முடியற நேரத்துல ரெண்டு வயசுப் பையன் ஒருத்தனை மூச்சு இரைப்போட கொண்டு வந்தாங்க. தராசுல வெச்சேன். அங்க சார்ட்ல எடைய கிலோவுலதான் எழுதணும். ஆனா அவன் அம்மா எத்தனை பவுண்டுன்னு கேட்டாங்க. பட்டனை அமுக்கி பவுண்டுக்கு மாத்திக் காமிச்சேன். இருபத்தெட்டுன்னு வந்துச்சு. அதுக்குள்ள பக்கத்து ரூம்ல பெல் அடிச்சது. தராசுல என்ன இருந்துச்சோ அதை அப்படியே சார்ட்ல எழுதிட்டு ஓடினேன். அவன் அசல் எடை பன்னெண்டரை கிலோ இருக்கும். அவ்வளவுதான் நான் பண்ணினது.

மூணு மணிக்கு அடுத்த ஷிப்ட்கிட்ட ஒப்படைச்சிட்டு, முகாமுக்குள்ள இருக்கற கடைக்கு வந்தேன். வெண்டைக்காய் பொறுக்கி தராசுல போட்டேன். எதைப் பாத்தாலும் பவுண்டை ரெண்டேகாலால வகுத்து கிலோவாக்கிப் பாக்கறது அப்போ எனக்கு வியாதி மாதிரி. அன்னிக்கும் வகுத்தேன். பாதி கணக்குலயே நின்னுட்டேன். நான் இருபத்தெட்டை வகுக்கவே இல்லையே!

மூச்சு இரைப்புக்கு அப்போ நரம்புல ஏத்தற ஒரு மருந்து உண்டு. எடையப் பாத்துத்தான் அளவு. ரெண்டு மடங்குக்கு மேல போனா வலிப்பு வரும், இதயம் தாறுமாறா அடிக்கும், குழந்தை போயே போயிடலாம். டாக்டர் அதைத்தான் எழுதியிருந்தார். மணியப் பாத்தேன், மூணு அம்பது. நாலு மணிக்கு ஏத்தறதா பேச்சு.

ஆஸ்பத்திரிக்கு இருவது நிமிஷ டிரைவ். செல்போன் எல்லாம் யார்கிட்ட இருந்துச்சு அப்போ? கடை வாசல்ல இருந்த போன்ல காசைப் போட்டு, ரெண்டு தடவை நம்பரைத் தப்பா அமுக்கினேன். ஒருவழியா ஆபரேட்டர் எடுத்து, ஹோல்டுல போட்டுட்டாங்க. காதுல பாட்டு ஓடுது.

அந்த நேரத்துல என் மனசுல ஓடினதை இன்னிக்கு மறைக்காம சொல்றேன். போனை வெச்சிடு. டாக்டர் கண்ணுல படாமலா போகும்? மருந்து கலக்கறவங்க பாக்காமலா இருப்பாங்க? நீயே வாயக் குடுத்து வேலையப் போக்கிக்காதே. லைசென்ஸையே பிடுங்கிட்டா என்ன பண்ணுவே? மதுரையில தப்பு பண்ணினா மேட்ரன் கூப்பிடற வரைக்கும் யாரும் வாயத் திறக்கமாட்டோம், அப்படித்தான் பழகியிருந்தோம். ரிசீவர் காதை விட்டுக் கீழ இறங்கிடுச்சு. நான்தான் இறக்கினேன். கொக்கியில மாட்டறதுக்கு ஒரு சாண்தான் பாக்கி. அப்போ ரிசீவர்ல வார்டு ஹெட் நர்ஸோட குரல் கேட்டுச்சு.

திரும்ப காதுல வெச்சு, "அந்தப் பையன் எடைய நான் தப்பா எழுதிட்டேன். அது கிலோ இல்ல, பவுண்டு. மருந்தை நிறுத்துங்க"ன்னு இங்கிலீஷ்ல கத்தினேன்.

இருன்னு சொல்லிட்டு ஓடிட்டாங்க. ஹெட் நர்ஸோட செருப்புச் சத்தம் தேய்ஞ்சு போறது போன்லயே கேட்டுச்சு. கடைக்கு வந்தவங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாங்க. மாதாவே மாதாவேன்னு சொல்லிட்டே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல, கையில இருந்த சில்லறை முழுக்க உள்ள போயிடுச்சு.

திரும்பி வந்தவங்க ரொம்ப நிதானமா, "ஏத்த ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு, நிறுத்திட்டேன், குழந்தை நல்லா இருக்கு, காலையில வா"ன்னாங்க. அங்கயே தரையில உக்காந்து அழுதுட்டேன். வெண்டைக்காய் தராசுலயே கிடந்துச்சு.

மறுநாள் காலையில போறப்பவே யூனிஃபார்மைத் திருப்பிக் குடுக்கற எண்ணத்துலதான் போனேன். வேலைய விட்டுத் தூக்கல. நடந்ததை முழுசா எழுதி வாங்கினாங்க, ப்ரொபேஷனை இன்னும் மூணு மாசம் நீட்டினாங்க. அப்புறம் ஹெட் நர்ஸ் என்னைக் கூட்டிட்டுப் போய் அந்தப் பையனோட அம்மா முன்னாடி நிறுத்தினாங்க. பெத்தவங்ககிட்ட தப்பைச் சொல்லணுமாம், அதுவும் பண்ணினவ வாயாலயே. நம்ம ஊர்ல நான் கேள்விப்படாத பழக்கம். போன்ல பயந்ததை விட அந்த ரூம் வாசல்ல நின்னப்ப அதிகமா பயந்தேன். சொல்லி முடிச்சேன். அவங்க திட்டல. "இனிமே என் பிள்ளைய இவங்க தொட வேண்டாம்"னு ஹெட் நர்ஸ்கிட்ட சொன்னாங்க. பையன் கட்டில்ல உக்காந்து ஜெல்லி சாப்பிட்டுட்டு இருந்தான். எனக்குக் கை காமிச்சான். பதிலுக்குக் கை காமிக்கக்கூட தைரியம் வரல.

அப்புறம் மூணு ஊர் மாறியாச்சு, எத்தனையோ குழந்தைங்களை எடை போட்டாச்சு. நேர்மையான நர்ஸுன்னு யாராவது என்னைப் பத்திச் சொன்னா எனக்குக் கூசும். ஏன்னா அந்த ரிசீவரை ஒரு சாண் தூரம் வரைக்கும் கொண்டு போன கை இதே கைதான், அதை நம்பிடக் கூடாதுங்கற பயம் மட்டும் சாகற வரைக்கும் எனக்கு விட்டுப் போகவே வேண்டாம்.