மழையில் பதிவான நடவுப் பாட்டு

என் கணவர் போடியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறார். கோயில் திருவிழா, கந்தூரி, மாதா கோயில் சப்பரம் எதுவானாலும் பெரும்பாலும் அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள்தான் பேசும். நான் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறேன். மலையிலிருந்து லோடு வந்து இறங்கியதும் காயைத் தரம் பிரித்துத் தட்டுகளில் போடுகிற பெண்களுக்கு நான்தான் மேற்பார்வை. கைக்குத்தான் சோலி, காது சும்மாதானே இருக்கிறது என்று என் போனில் பாட்டுப் போடுவேன். அதுவும் கச்சேரியில் கூட்டத்தோடு பதிவான பாட்டாகத்தான் இருக்கும்.

இதில்தான் எனக்கும் அவருக்கும் ஓயாத தகராறு.

“இருமுறது, செருமுறது, பிள்ள அழுகுறது எல்லாம் கேக்குது. இது ஒரு பதிவா புள்ள? ஸ்டுடியோவுல பாடுனதப் போடு, கண்ணாடி கணக்கா இருக்கும்.”

“அந்தக் கண்ணாடிய நீங்களே தொடச்சு வச்சுக்கங்க” என்பேன்.

எனக்குப் பிடித்த நாகஸ்வரப் பதிவு ஒன்று உண்டு. பழைய கேசட்டிலிருந்து போனுக்கு ஏற்றியது. அதில் வித்வான் ஓர் உச்ச இடத்துக்கு ஏறப் பார்த்துத் தவறிவிடுவார். கூட்டத்தில் யாரோ ஒருவர் ‘அடடா’ என்று அங்கலாய்ப்பார். வித்வான் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தை மறுபடி பிடிப்பார். இந்த முறை அதே குரல் ‘ஆஹா!’ என்று கத்தும். ஸ்டுடியோவாக இருந்தால் அந்தத் தவறை வெட்டியிருப்பார்கள். கூடவே அந்த ஆஹாவும் போயிருக்கும். கைதட்டல் நிறைய இருந்தால் மட்டும் பதிவு நன்றாக வந்துவிடாது. அடுத்து என்ன ஆகுமோ என்று அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது காதுக்குக் கேட்க வேண்டும். இதை அவரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். “மூச்சப் பிடிச்சா சத்தம் எப்படிக் கேக்கும்?” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

போன மழைக்காலத்தில் சிலமலைத் திருவிழாவுக்கு அவர் செட்டுதான் போயிருந்தது. சாயங்காலம் நானும் போனேன். பாட வந்தவள் ராசிங்காபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் பெண். நாட்டுப்புறப் பாட்டுக்கு அந்தப் பக்கத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து போனில் பதிவை ஓடவிட்டேன்.

ரெண்டு பாட்டு முடிந்திருக்கும். மலைப் பக்கமிருந்து மழை ஒரே இறக்காக இறங்கியது. பளீரென்று மின்னல். என் கணவர் மெயின் சுவிட்சை அமர்த்திவிட்டு மேடையிலிருந்து கத்தினார்.

“கரண்ட நிப்பாட்டியாச்சு. யாரும் ஒயரத் தொடாதீக! வெரசா கொட்டகைக்குள்ள வாங்க!”

ஊரே தகரக் கொட்டகைக்குள் நெருக்கியடித்தது. தவில்காரர் தவிலைத் தார்ப்பாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாடகி முந்தானையைப் பிழிந்துகொண்டு நடுவில் நின்றாள். கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

“ஏத்தா, சும்மா நிக்கிறதுக்கு ஒரு பாட்டுப் பாடு” என்றார் ஒரு பெரியவர்.

“மைக்கும் இல்ல, மேளமும் இல்ல. என்னத்தப் பாட அப்பு?” என்று சிரித்தாள். ஆனாலும் நடவுப் பாட்டு ஒன்றை எடுத்தாள். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. ரெண்டாம் வரியில் தாளம் தடுமாறியது. அப்போது கூட்டத்துக்குள் எங்கிருந்தோ ஒரு கைத்தட்டு, நிதானமாக, காலம் பிசகாமல் வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அடியில் பெண்கள் குலவையிட்டார்கள். பிறகு மொத்தக் கொட்டகையும் பாடியது. ஓடிக்கொண்டே இருந்த போனை நான் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.

மறுநாள் கடையில் அந்தப் பதிவைப் போட்டேன். பெண்கள் காயை விட்டுவிட்டுக் கேட்டார்கள். மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அந்த மொதக் கைத்தட்டு யாரா இருக்கும்?” என்றேன்.

அவர் சோத்து வாளியைக் கீழே வைத்தார். “நாந்தான்.”

“நீங்களா?”

“பின்ன? அந்தப் புள்ள தனியா நின்னு தடுமாறுது. செட்டு என்னோடது. பாத்துக்கிட்டா நிக்கிறது?”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் காது சிவந்துபோனது.

அந்தப் பதிவு ஆள் மாற்றி ஆள் வாட்சப்பில் மலைக்கும் ஏறிவிட்டது. எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப்பில் அது ஓடுவதாகச் சொன்னார்கள். பொட்டிபுரத்திலிருந்து வந்தவர்கள், “அண்ணே, எங்க திருவிழாவுலயும் ஒரு பாட்டுக்கு மைக்க அமத்திருங்க” என்றார்கள்.

“அப்புறம் நான் எதுக்கு?”

“கை தட்டத்தான்!”

அவரும் அப்படியே செய்தார். நானும் போய்ப் பதிவு செய்தேன். சப்பென்று இருந்தது. எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்ததால் பாட்டுக்கு முன்னாலேயே தட்டத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

தையலுக்கு லைனிங் துணி வாங்கப் போடிக்கு வந்த பாடகி, போன மாதம் எங்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். பெண்கள் விடுவார்களா? காய்க் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்காரவைத்தார்கள். அவள் மெதுவாக, நமக்குள் பேசுகிற மாதிரி ஒரு தாலாட்டுப் பாடினாள். யாரும் வேலையை நிறுத்தவில்லை. நான் போனை ஒரு சாக்கின் மேல் வைத்துப் பதிவு செய்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது அவருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“தட்டுல காய் விழுகுற சத்தம் நல்லா வந்திருக்கு” என்றார். “இன்னொருக்கப் போடு.”